எந்தத் தோட்டம் என்று கேட்டால்

டாக்டர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஒரு நாள்கூட அதைக் காப்பாற்ற முடியவில்லை. பூனாகலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னை வேறு மாதிரிக் கூப்பிட ஆளே இல்லாமல் போயிருந்தது. பங்களாதேஷில் புலமைப்பரிசிலில் மருத்துவம் படித்துவிட்டு வந்து இறங்கிய அன்றைக்கே கோயில் முன்னால் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, எமது தோட்டத்தின் முதல் மருத்துவர் என்று பெனரும் கட்டிவிட்டார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஒரு பதிவுப் பரீட்சை எழுதிப் பாஸானால்தான் வைத்தியம் பார்க்கலாம், அதுவரை ஒரு காய்ச்சல் குளிசை எழுதிக் கொடுக்கக்கூட எனக்கு உரிமை இல்லை என்பதை அந்த மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். தோட்டத் தலைவர் நன்றியுரை சொல்ல மைக்கை வாங்கிக்கொண்டார்.

இந்தப் பரீட்சைக்குக் கொழும்பில் வகுப்புகள் இருக்கின்றன. என்னோடு படித்தவர்கள் அங்கே அறை எடுத்துத் தங்கி, ஆளுக்கு ஆள் கேள்வி கேட்டுப் படித்தார்கள். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் நான் வீட்டிலிருந்தே படித்தேன். லயத்தில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், எங்களுக்கு இருந்த ஒற்றைக் காம்பராவை அப்பா ஒரு பழைய சேலையால் தடுத்து, அந்தப் பக்கம் எனக்கு மேசை போட்டுக் கொடுத்தார். புத்தகங்கள் எல்லாம் போனில்தான். சிக்னல் கோயிலுக்கு மேலே ரோட்டு வளைவில் மட்டும் கிடைக்கும். அங்கே போய் நின்று வீடியோக்களை இறக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டுப் பார்ப்பேன். நோயாளியின் வயிற்றில் கை வைத்து ஈரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதை ஒரு தலையணையில் பழகினேன். உலகத்தில் உள்ள அத்தனை வியாதியும் அந்தத் தலையணைக்கு இருந்தது.

படிப்பதற்கு நல்ல நேரம் பகல்தான். காலையில் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, எல்லாப் பெண்களும் போவார்கள். அம்மாவும் அவர்களோடு இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அதற்குப் பிறகு லயத்தில் மிஞ்சுவது சின்னப் பிள்ளைகள், நடக்க முடியாதவர்கள், நான். கையும் காலும் நன்றாக இருக்கிற ஒருத்தி தேத்தண்ணிக் கோப்பையோடு இஸ்தோப்புத் திண்ணையில் நின்று, மழையில் மலையேறிப் போகிறவர்களை வழியனுப்புவது எவ்வளவு கேவலம் என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிறகு அவர்கள் போய் முடியும்வரை சேலைக்குப் பின்னால் இருந்தேன். அவர்களோ என் ஜன்னலைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிட்டு நடப்பார்கள். டாக்டர் படிக்குதாம்.

இந்த அமைதிதான் என்னைக் கொன்றது. திருவிழா வந்தபோது, பரீட்சை கிட்டத்தில் இருக்கிறதென்று தலைவர் ஒலிபெருக்கியின் வாயை எங்கள் லயத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டச் சொன்னார். கீழ் லயத்து ஆட்கள், எங்களுக்கு மட்டும் காது இரும்பா என்று சண்டைக்கு வந்தார்கள். ஒரு தோட்டமே எனக்காக இரண்டுபட்டு நின்றது. நான் சேலைக்குள் உட்கார்ந்து சிறுநீரகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியும் ஏறவில்லை.

வியாதிக்காரர்களும் வருவார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துத் துண்டை நீட்டி, இதில் என்ன போட்டிருக்கு என்று கேட்பார்கள். வாசித்துச் சொல்வேன். குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து சொல்லுங்கள் என்றால், பண்டாரவளைக்குக் கொண்டு போங்க என்பேன். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்பது என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பதிவு இல்லாமல் மருந்து சொல்ல முடியாது. அதை விளக்கினால் என்னை ஏதோ குறையுள்ள டாக்டர் என்று நினைப்பார்களோ என்று பயந்து, விளக்காமலே அனுப்பினேன். படித்த திமிர் என்று அடுத்த காம்பராவில் பேசியது சுவர் வழியாகவே கேட்டது. அவர்கள் சொன்னதில் பாதி சரி.

எழுத்துப் பரீட்சையில் பாஸானேன். அப்பா தெரிந்த எல்லோருக்கும் சொன்னார். பண்டாரவளையில் நான் பாடக்குறிப்புகளைப் பிரதி எடுக்கும் கடைக்கார முஸ்லிம் நானா, “மகள், இனி நீங்க முழு டொக்டர்தானே?” என்று கேட்டார். இன்னும் நோயாளியை நேரில் பார்க்கும் பரீட்சை இருக்கிறது என்றேன். “அதென்ன பெரிய விஷயமா? ஒங்கட ஆக்கள்தானே ஆஸ்பத்திரி முழுக்க” என்று சிரித்தார். அந்த மனிதர் விளையாட்டாகச் சொன்னதுதான் அப்படியே நடந்தது.

கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எனக்குக் கொடுத்த கட்டிலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என் அம்மாவைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். விரல் நுனிகளில் கொழுந்துச் சாயம். இதய வால்வு சுருங்கி, மூச்சு வாங்குகிறதென்று ஊரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவரிடம் பேசி, நோயின் வரலாறு முழுவதையும் கேட்டு எடுத்து, பிறகு வரும் பரீட்சகர்களிடம் நான் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“டாக்டரம்மா மூஞ்சப் பாத்தா நம்ம பக்கத்துப் புள்ள மாதிரி இருக்கு. நான் ஹாலிஎலப் பக்கம்ங்க. நீங்க எந்தத் தோட்டம்ங்க?”

பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பரீட்சார்த்தி நின்றிருந்தான். நர்ஸ் நின்றிருந்தார். பங்களாதேஷில் முதல் வருடம் கொழும்பு, யாழ்ப்பாணப் பிள்ளைகள் நடுவே என் பேச்சைக் கேட்டு எழுந்த சிரிப்பு எனக்கு ஒருபோதும் மறந்ததில்லை. ஒருத்தி என்னைப் போலவே பேசிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைப்பாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு புத்தகத் தமிழைப் பேசப் பழகி, தோட்டத்துப் பேச்சை வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்திருந்தேன்.

“நான் பதுளை நகரத்தைச் சேர்ந்தவள்” என்றேன்.

அந்த அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைகளை மடியில் கோர்த்துக்கொண்டார். முகத்திலிருந்த சிரிப்பு மரியாதையாக மாறியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் கேள்விகளைத் தொடங்கினேன். இரவில் படுக்கும்போது மூச்சுத் திணறல் ஏற்படுகிறதா? ஆமாங்க. சிறு வயதில் மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல் வந்ததுண்டா? ஆமாங்க. நெஞ்சு படபடப்பு உண்டா? ஆமாங்க. மருந்துகளை ஒழுங்காக உட்கொள்கிறீர்களா? ஆமாங்க. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பாடப் புத்தகத்தில் உள்ளதெல்லாம் இந்த அம்மாவுக்கு இருக்கிறது. இவ்வளவு ஒழுங்கான நோயாளி யாருக்குக் கிடைக்கும்?

எங்கள் தோட்டத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், தொரை கேட்டாலும், கணக்குப்பிள்ளை கேட்டாலும், டிஸ்பென்சரியில் கேட்டாலும் முதல் பதில் ஆமாங்க என்பதுதான். கேட்டதற்கு அது பதில் இல்லை. கேட்கிற ஆள் பெரியவர் என்பதற்கு வைக்கும் கும்பிடு அது. அதைக் கேட்டே வளர்ந்த நான் ஒவ்வொரு ஆமாங்கவையும் உண்மை என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டு பரீட்சகர்கள் வந்தார்கள். நான் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தேன். மருந்துகளை ஒழுங்காக எடுத்துவருகிறார் என்று சொன்னபோது இருவரில் மூத்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். அப்படியென்றால் கால் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது, நுரையீரலில் ஏன் இவ்வளவு நீர் என்று கேட்டார். நான் புத்தகத்தில் உள்ள காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சிங்கள வாடை வீசும் உடைந்த தமிழில் அந்த அம்மாவிடம் கேட்டார்.

“அம்மா, பயம் வேணாம். தண்ணி குளிசை எல்லா நாளும் போடுறதா?”

அந்த அம்மா முதலில் என்னைத்தான் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கிறோமே என்ற தயக்கம் அவர் கண்ணில் இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“வேலைக்குப் போற நாளு போடுறதில்லீங்க ஐயா. அதைப் போட்டா ஒன்னுக்கு வந்துக்கிட்டே இருக்கு. மலையில ஆம்பளைங்க நிக்கிறாங்க, எங்கிட்டுப் போறது? கொழுந்து நல்லா இருந்த நேரம், தெனமும் வேலை, ரொம்ப நாளாப் போடலீங்க.”

பரீட்சகர் எனக்கு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எனக்கு! தமிழ் தெரியாத பிள்ளை என்று நினைத்தாரோ, இல்லை, வேண்டுமென்றே செய்தாரோ தெரியாது. பிறகு நான் எந்த ஊர் என்று கேட்டார். பதுளை என்றேன். தோட்டப்பக்கமா என்றார். இல்லை சேர், டவுன். இரண்டாவது தடவை சொல்லும்போது பொய் இன்னும் சுலபமாக வந்தது. கட்டிலை விட்டு நகரும்போது அந்த அம்மா மெதுவாக, “மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா” என்றார். என் பரீட்சையைக் கெடுத்தது தானென்று அவர் நினைத்துவிட்டார். அப்படி இல்லை என்று சொல்லக்கூட நான் நிற்கவில்லை.

பெறுபேறு வந்த அன்று கோயில் வளைவில் நின்று போனில் பார்த்தேன். எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் பெயில் என்ற சொல்லை இரண்டு தடவை வாசித்தேன். அப்பா கேட்கிறவர்களிடமெல்லாம், “இன்னும் ஒரு பகுதி இருக்கு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதால் அது இன்னும் மோசமாக இருந்தது. அம்மா எதுவும் கேட்கவில்லை. ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டு, தின்னு என்றார். ஏன் பெயில் என்று யாராவது திட்டிக் கேட்டிருந்தால் ஒருவேளை அன்றைக்கே சொல்லியிருப்பேன். பாடம் கஷ்டம் என்று எல்லோரும் தாமாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மறுபடியும் படிக்கத் தொடங்கினேன். இந்த முறை தலையணையை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, நீதான் நோயாளி, நான் டாக்டர், கேட்கிறதற்கு மட்டும் பதில் சொல்லு என்றேன். அம்மாவுக்குக் கூச்சமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கைகளை மடியில் கோர்த்து உட்கார்ந்தார். நான் பரீட்சைக் குரலில் தொடங்கினேன்.

“உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா?”

“ஆமாங்க.”

“கால்கள் வீங்குகின்றனவா?”

“ஆமாங்க.”

“மருந்துகளை ஒழுங்காக உட்கொள்கிறீர்களா?”

“ஆமாங்க.”

கையிலிருந்த பேனாவை மேசையில் எறிந்தேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் பேசும்.

“ஏம்மா, நான் கேக்கிறது வெளங்குதா இல்லையா?”

“வெளங்கல. வெளங்காட்டியும் ஆமாங்கன்னு சொன்னா சீக்கிரம் விட்டுருவாங்கல்ல” என்று அம்மா சிரித்தார். “இல்லன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா யாரு நின்னு பதில் சொல்றது?”

பெற்ற மகளிடமே அம்மாவை ஆமாங்க என்று சொல்ல வைத்திருந்தேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கொழும்பில் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவையும், தண்ணிக் குளிசையையும் சொன்னேன். அம்மா அதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை.

“நான் மட்டும் என்னாவாம்? பிரஷருக்குக் குடுத்தாங்களே, அந்தச் சின்னக் குளுசை, அதுவும் அப்பிடித்தான். வேலை நாளுல நான் அதைத் தொடுறதே இல்ல.”

ஒரே காம்பராவில், ஒரு சேலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருக்கிறோம். இரத்த அழுத்தம் ஏன் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகிறது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பக்கம் முழுக்கப் பதில் இருந்தது. அந்தப் பக்கத்தைச் சத்தம் போட்டு வாசித்துப் பாடமாக்கியபோது அம்மா அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு தடவை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயிலானதைவிட அதுதான் எனக்கு வெட்கம்.

கடைசியாக மிச்சத்தையும் சொன்னேன். “எந்தத் தோட்டம்னு கேட்டாங்கம்மா அந்தம்மா. டவுன்னு சொல்லிட்டேன். பரீட்சை எடுத்தவருகிட்டயும் டவுன்னுதான் சொன்னேன்.”

இதற்காவது திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார்.

“நல்லதுதான் சொன்ன. அடுத்த தடவையும் அப்பிடியே சொல்லு. அப்பா என்னா செய்றாருன்னு கேட்டா டவுன்ல கடை வச்சிருக்காருன்னு சொல்லு. என்னையப் பத்தி ஒன்னும் சொல்லாத புள்ள.”

குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. இதை அவர் முன்பே யோசித்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவையும் வராமல் அப்பாவை மட்டும் அனுப்பியது, பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் என் சிநேகிதிகளைக் கண்டால் நாலு அடி பின்னால் நடந்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அப்போதெல்லாம் அது எனக்கு வசதியாக இருந்தது. அதனால் ஏன் என்று நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அம்மாவோடு தோட்டத்துப் பேச்சிலேயே பழகினேன். அப்பாவோடும், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலுக்கு வரும் பெண்களோடும். என்னா செய்யுது, எப்பயிருந்து செய்யுது, குளுசையப் போட்டா என்னா தொந்தரவு? நான் மருந்து எதுவும் சொல்லமாட்டேன், இன்னும் பாஸாகவில்லை, பழகத்தான் கேட்கிறேன் என்பதையும் முதல் தடவையாக வெளிப்படையாகச் சொன்னேன். யாரும் என்னைக் குறைவாகப் பார்க்கவில்லை. மணிக்கணக்கில் பேசினார்கள்.

அடுத்த பரீட்சையில் எனக்குக் கிடைத்தவர் ஒரு சிங்கள பஸ் கண்டக்டர். இவருக்கும் இதயம் பலவீனம், இவருக்கும் கால் வீக்கம். என் சிங்களம் கடைச் சிங்களம். அதை வைத்துக்கொண்டே கேட்டேன், நீண்ட தூரம் பஸ்ஸில் போகிற நாளில் இந்தத் தண்ணிக் குளிசையை என்ன செய்வீர்கள் என்று. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “பையில்தான் இருக்கும் மிஸ்” என்று சிரித்தார்.

அதைப் பரீட்சகர்களிடம் சொன்னபோது, அவர்களில் இருந்த பெண் டாக்டர், இதைக் கேட்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது என்றார். அம்மா சொல்லிக்கொடுத்த கடைக்கார அப்பா நாக்கு நுனிவரை வந்து நின்றார். என் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார் என்று சொன்னேன். மலையில் கழிப்பறை இல்லை, அவரும் வேலை நாளில் போடமாட்டார் என்றேன். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, சரி, இந்த மருந்தை இவருக்கு எந்த நேரத்தில் போடச் சொல்லலாம் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்காகவா இத்தனை வருடம் ஒளிந்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

பாஸ் என்ற செய்தி வந்தபோது பகல். வளைவிலிருந்து நேரே கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். அம்மா சாக்கோடு வரிசையில் நின்றிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள், ஒருத்தி அழுதாள். அம்மா மட்டும் என் கையைப் பிடித்து வரிசைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

“டவுன்னு தானே சொன்ன?” என்று கேட்டார்.

“இல்லம்மா. தோட்டப் பேரத்தான் சொன்னேன். நீ கொழுந்து எடுக்கிறதையும் சொன்னேன்.”

அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“சொன்ன பெறகுமா பாஸ் போட்டாங்க?”